களை பறிக்க வேண்டிய நேரத்தில்

"சும்மா பணம் கொடுத்தால் விவசாயி சோம்பேறியாகிவிடுவான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. சிறு விவசாயியின் ஒரு வருடத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும். தன் வயலில் களை முழங்கால் உயரம் நிற்க, அவர் அடுத்தவர் வயலில் கூலிக்குக் களை பறித்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அடுப்பு எரிய வேறு வழியில்லை. அந்த இரண்டு வாரத் தாமதம் விளைச்சலைத் தின்றுவிடும். அடுத்த வருடமும் அதே பசி. ஆப்பிரிக்க நாடான மலாவியில் இந்தக் கூலி வேலைக்கு 'கன்யு' என்று பெயர். அரசின் உதவித்தொகை வந்த பிறகு பலர் கன்யுவைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் இறங்கியதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

ஜாம்பியாவில் 2010-இல் தொடங்கிய குழந்தைகள் உதவித்தொகை விவசாயத்துக்கானதே அல்ல. ஆனாலும் அந்தப் பணத்தில் விதையும் உரமும் வாங்கினார்கள், சாகுபடிப் பரப்பைக் கூட்டினார்கள், ஆடு கோழி சேர்த்தார்கள். இவர்களா சோம்பேறிகள்?

என் கவலை வேறு. தொகை தாமதமானால் விதைப்பு காத்திருக்காது. கடன் கொடுப்பவரின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். உதவியைக் கூலியாகத் தரும் அரசின் பொதுப்பணி உழவு நாட்களில் விழுந்தாலோ, உதவியே ஆளை வயலிலிருந்து இழுத்துவிடும். எத்தியோப்பியா ஏழைக் குடும்பங்களுக்காக 2005-இல் தொடங்கிய உதவித் திட்டத்தில், பொதுப்பணிகளை வயல் வேலை குறைந்த மாதங்களுக்கு ஒதுக்கியது இதனால்தான்.