பாலமனேரிலிருந்து குடியாத்தம் வரை: வெப்பக் குழாய்க்குப் பணம் போடுமுன்

ஜூன் மாதத்தில் சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்குள் போய்ப் பார்த்தால், இந்தப் பகுதியில் வெப்பத் தேவைக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். வாசலில் பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்கும். பாய்லர் இரவு பகலாக எரியும். ஆகஸ்ட் கடந்தால் அதே பாய்லர் குளிர்ந்து கிடக்கும். ஓரிடத்தில் தண்ணீரைச் சூடாக்கி, மண்ணுக்கடியில் போகும் குழாய் வழியாகப் பல ஆலைகளுக்குக் கொடுப்பதுதான் பொது வெப்பக் குழாய். ஆந்திர-தமிழக எல்லையோர மாவட்டங்களுக்கு இந்தத் திட்டம் வரைபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். உச்சத் தேவையைப் பார்த்துக் குழாயின் அளவை முடிவு செய்துவிடுகிறார்கள். மண்ணுக்குள் முப்பது வருடம் கிடக்கப்போகிற குழாய்க்குச் சம்பாதித்துக் கொடுப்பது உச்சம் அல்ல, அது ஓடுகிற மணிநேரம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாலு இஞ்ச் எஃகுக் குழாயில் தண்ணீர் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. போகும்போது 85 டிகிரி, திரும்பும்போது 50 டிகிரி. இது சுமார் 1.5 மெகாவாட் வெப்பத்தைச் சுமக்கும். ஒரு கிலோமீட்டர் பதிக்க ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டி, 25 ஆண்டு என்றால் வருடத் தவணை சுமார் 11 லட்சம். வருடம் முழுக்க ஓடும் பால் பண்ணை போன்ற ஆலை 3,000 மணிநேரத்துக்கு முழு அளவு எடுத்தால் 45 லட்சம் யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் போகும். யூனிட்டுக்குக் குழாய்ச் செலவு 25 பைசாவுக்குள் அடங்கும். கூழ் ஆலை 60 நாள், நாளுக்கு 20 மணிநேரம் ஓட்டினால் 18 லட்சம் யூனிட்தான், செலவு 60 பைசாவைத் தாண்டும். அதோடு, குழாய் வழியே மீட்டருக்குச் சுமார் 20 வாட் வெப்பம் மண்ணுக்குள் கசிந்துகொண்டிருக்கும். வருடம் முழுக்கச் சூடாக வைத்திருந்தால் கிலோமீட்டருக்கு 1.75 லட்சம் யூனிட் இப்படியே போய்விடும்.

ஆகவே திட்டத்தைத் தாங்கும் நங்கூர வாடிக்கையாளர் பால் பண்ணைதான். அங்கே பாலை 72 டிகிரியில் 15 நொடி நிறுத்திப் பதப்படுத்துகிறார்கள், கழுவுவதற்கு 75 முதல் 80 டிகிரி வெந்நீர் தேவை. அதே வளாகத்தில் பாலைக் குளிர்விக்கும் அம்மோனியா கம்ப்ரசர், வெப்பத்தைக் கூலிங் டவர் வழியாக வானத்துக்கு விட்டுக்கொண்டிருக்கும். அந்த 35 டிகிரி வெப்பத்தை ஹீட் பம்ப் கொண்டு 80, 85 டிகிரிக்கு உயர்த்தினால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 முதல் 4 யூனிட் வெப்பம் கிடைக்கும். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. எனவே இந்த வெப்பத்தின் பங்கு யூனிட்டுக்கு 0.2 கிலோ அளவில் நிற்கும். நிலக்கரி பாய்லரில் இது 0.45 கிலோ. விறகு பாய்லரை மாற்றும் இடத்தில் கணக்கு இவ்வளவு நேரடியாக வராது. விறகு எங்கே வெட்டப்பட்டது, மறுபடி மரம் வளர்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்த இடங்களில் கரியமில வாயுச் சேமிப்பைப் பெரிதாகக் காட்டி நிதி கேட்பது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

ஆய்வுக்கு நாங்கள் கேட்கும் காகிதங்கள் இரண்டு: பாய்லர் லாக் புக், எரிபொருள் பில். இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். விறகை எடை போட்டு வாங்குவார்கள், ஈரத்தை யாரும் அளப்பதில்லை. எடையில் பாதி ஈரமாக இருக்கும் விறகில் காய்ந்த விறகின் வெப்பத்தில் பாதிகூடக் கிடைக்காது. அதனால் பாய்லருக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வெளிப்புறத்தில் அல்ட்ராசானிக் ஃப்ளோ மீட்டரைக் கட்டி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகும்படி இரண்டு வாரம் விட வேண்டும். சீசனில் ஒரு முறை, சீசன் இல்லாதபோது ஒரு முறை. பிறகு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உண்மையில் எத்தனை டிகிரி வேண்டும் என்று பிரித்து எழுத வேண்டும்: 60க்குள், 60 முதல் 90 வரை, 90க்கு மேல். பல இடங்களில் 60 டிகிரி வெந்நீருக்காக 180 டிகிரி நீராவியைத் தொட்டிக்குள் நேராக விடுகிறார்கள். நீராவி கையில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. மூடாத ஸ்டீம் டிராப் (நீராவியைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் வெளியே விடும் கருவி), கசிவுக்குத் துணி சுற்றிய வால்வு, சாக்கடைக்குப் போகும் கண்டன்சேட் (நீராவி குளிர்ந்த வெந்நீர்) எல்லாவற்றையும் சரி செய்த பிறகு மிஞ்சுவதுதான் அசல் தேவை. அதற்கு முன் குழாய் அளவைக் குறித்தால், கசிவுக்கும் சேர்த்துக் குழாய் போட்டதாகும்.

திரும்பும் தண்ணீரின் சூட்டைப் பலர் கவனிப்பதில்லை. முன்பு சொன்ன அதே குழாயில் தண்ணீர் 50க்குப் பதில் 65 டிகிரியில் திரும்பினால், சுமக்கும் வெப்பம் 1.5 மெகாவாட்டிலிருந்து 900 கிலோவாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஹீட் பம்பின் திறனும் குறையும். பெரும்பாலும் காரணம் வாடிக்கையாளர் கட்டடத்துக்குள்தான் இருக்கும்: உப்புப் படிந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இரண்டு நீரும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் மாற்றும் கருவி), அதைச் சுற்றிக்கொண்டு சூடான நீரை நேராகத் திருப்பிவிடும், திறந்தே கிடக்கும் பைபாஸ். அதனால் உட்புற இணைப்பு நிலையத்தையும் திட்டச் செலவிலேயே சேர்த்து, அதன் பராமரிப்பை வெப்பக் குழாயை நடத்தும் நிறுவனமே வைத்துக்கொள்வது நல்லது.

இந்த எல்லையில் இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. பாலமனேர், குப்பம் பக்கம் பட்டு நூற்பு உண்டு. பட்டுக்கூட்டை வேகவைக்க 95 டிகிரி வேண்டும், அது இந்தக் குழாயில் வராது. ஆனால் நூல் எடுக்கும் தொட்டிக்கு 40 முதல் 45 டிகிரி போதும். பால் பண்ணையிலிருந்து 50 டிகிரியில் திரும்பும் தண்ணீரை நூற்பு ஆலை வழியாக விட்டால், தொட்டியும் சூடாகும், திரும்பும் நீரும் இன்னும் குளிரும். தொட்டித் தண்ணீர் மாறினால் நூலின் தரம் கெடும், ஆகவே தட்டு வகை ஹீட் எக்ஸ்சேஞ்சர் நடுவில் இல்லாமல் இணைக்கக் கூடாது.

பாலமனேரிலிருந்து மலைப்பாதை இறங்கினால் குடியாத்தம், வி.கோட்டாவிலிருந்து இறங்கினால் பேரணாம்பட்டு, அங்கே தோல் பதனிடும் ஆலைகள். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில்தான் தெரியும், ஒரே குழாயில் இணைத்துவிடலாம் என்ற ஆசையும் வரும். உயர வித்தியாசமோ முந்நூறு மீட்டருக்கும் மேல். ஒவ்வொரு பத்து மீட்டர் இறக்கத்துக்கும் தண்ணீர்க் குழாயில் ஒரு பார் அழுத்தம் கூடும், அடிவாரத்தில் 30 பாரைத் தாண்டும். வழக்கமான குழாய், வால்வுகள் 16 அல்லது 25 பாருக்கு உரியவை. எனவே இங்கே வட்டார முதலீடு என்றால், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கும் சிறு வலைகள் பல; அவற்றுக்கு ஒரே நிதி, ஒரே குழாய்த் தரம், ஒரே உதிரிபாகக் கிடங்கு.

டென்மார்க் 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் கொண்டுவந்து, எந்தப் பகுதிக்குப் பொது வெப்பம், எந்தப் பகுதிக்கு எரிவாயு என்று நகராட்சிகளையே வரைபடம் போட வைத்தது. இன்று அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகளுக்குப் பொது வெப்பம்தான். அவர்களுடைய குளிர்கால வீட்டுத் தேவை நமக்கு இல்லை. முதலில் வரைபடம், பிறகு பணம் என்ற வரிசை நமக்கும் பொருந்தும்.

இரண்டு மாநில நிர்வாகம் என்பதாலும் நீராவியைவிட வெந்நீர் வசதி. நீராவி என்றால் பாய்லர், நீராவிக் குழாய் இரண்டுமே பாய்லர் சட்டத்துக்குள் வரும். மாநிலத்துக்கு மாநிலம் ஆய்வுத் துறை வேறு. தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே மட்டும் சூடாக்கும் கலன் அந்தச் சட்டம் சொல்லும் பாய்லர் வரையறைக்குள் வராது.

பதிக்கும் வேலையில் கெடுவது பெரும்பாலும் இணைப்புகள். எஃகுக் குழாய், சுற்றிப் பாலியூரித்தேன் நுரை, வெளியே பாலித்தீன் உறை என்று ஆலையிலேயே செய்து வரும் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. களத்தில் பற்றவைத்து உறை போடும் மூட்டில்தான் ஈரம் புகும். புகுந்தால் நுரை நனைந்து, எஃகு வெளியிலிருந்து அரிக்கும். ஒவ்வொரு மூட்டுறையையும் நுரை ஊற்றுமுன் 0.2 பார் காற்றடைத்துச் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பள்ளத்தைத் திறக்கவே கூடாது. ஜனவரியிலிருந்து மே வரைதான் வேலைக்காலம். இங்கே தோண்டினால் பாறை. உடைத்த கல் உறையைக் குத்தாமல் இருக்கக் குழாய்க்குக் கீழும் மேலும் பத்து சென்டிமீட்டர் சலித்த மணல் வேண்டும், ஒப்பந்ததாரர்கள் மிச்சம் பிடிப்பதும் இதில்தான். 60 டிகிரி சூடேறினால் ஒரு கிலோமீட்டர் எஃகு 70 சென்டிமீட்டருக்கு மேல் நீளப் பார்க்கும். வளைவுகளில் நுரை மெத்தை இல்லாவிட்டால் அங்கேதான் விரிசல் விடும்.

கூழ் ஆலைகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவர்கள் தங்கள் பாய்லரை வைத்துக்கொள்ளட்டும். வலையின் பக்கத்தில் இருந்தால் மாங்காய் கழுவவும் முன்சூட்டுக்கும் மட்டும் இணைப்பு, மிச்சத்துக்குக் கடலைத்தோலும் உமியும். 2002இல் திருமலை அன்னதானச் சமையலறைக்கு, நாளுக்கு 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில், சூரியத் தட்டுகளால் நீராவி உண்டாக்கும் அமைப்பு வந்தபோதும் பழைய பாய்லரோடு இணைத்துத்தான் வைத்தார்கள்.

ஒப்பந்தத்தில் விலை இரண்டு பகுதியாக இருக்கட்டும்: கிலோவாட் அளவுக்கு மாதக் கட்டணம், வெப்ப மீட்டர் காட்டும் யூனிட்டுக்குத் தனி. திரும்பும் நீர் 50 டிகிரிக்குக் கீழே வந்தால் தள்ளுபடி, மேலே போனால் கூடுதல். தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, பாய்லர் மேஸ்திரியோடு உட்கார்ந்து வாசித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், ஏனென்றால் பைபாஸ் வால்வைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில்தான் இருக்கிறது.