நாற்பது கறுப்பு டி-ஷர்ட்டும் ஒரு மரமும்

எங்கள் வாசகர் வட்டத்துக்கு 40 டி-ஷர்ட் அச்சிட வேண்டியிருந்தது. கறுப்புப் பருத்தித் துணி, நெஞ்சில் தோழி வாட்டர்கலரில் வரைந்த ஒரு மரம். பச்சையிலேயே பத்துச் சாயல் ஓடும் படம் என்பதால் பிரிண்டர் போல மையை நேராகத் துணியில் தெளிக்கும் டிஜிட்டல் அச்சுதான் சரி என்று யோசிக்காமலே முடிவு செய்தேன். ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மையை அழுத்தித் தேய்க்கும் வலைச் சட்டம், வேண்டும். 4 சட்டை போட்டாலும் 400 போட்டாலும் அந்தச் செலவு மாறாது.

நல்லவேளை, முதலில் ஒரே ஒரு சாம்பிள்தான் போட்டேன். வாங்கியபோது அவ்வளவு அழகு. ஆறு முறை துவைத்ததும் இலைகள் மங்கி, துணியின் கறுப்பு எட்டிப் பார்த்தது. விசாரித்தபோதுதான் புரிந்தது: கறுப்புத் துணியில் நிறம் எடுபட அடியில் வெள்ளை மை வேண்டும். அந்த வெள்ளை பிடிக்க, முன்கூட்டியே துணியில் ஒரு கரைசலைத் தெளித்து ஹீட் பிரஸ்ஸில் உலர்த்துவார்கள். அது சீராக விழாவிட்டால் வெள்ளையோடு மேலே உள்ள நிறமும் போய்விடும். ஆக, குறை அந்த வேலையில்தான். டிஜிட்டல் முறையையே பழி சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஸ்கிரீன் போடுபவரிடம் போனேன். படத்தைப் பார்த்தவர், "இதுல எத்தனை நிறம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதுவரை சட்டையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், நிறத்தை எண்ணவே இல்லை.

தோழியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் இரண்டே நாளில் வெள்ளை, பச்சை என இரண்டே நிறத்தில் மரத்தை மறுபடி வரைந்து தந்தாள். சாயல்களையெல்லாம் பொடிப்பொடிப் புள்ளிகளாக மாற்றியிருந்தாள். எனக்கு முதல் படத்தைவிட இதுதான் பிடித்தது.

ஸ்கிரீனில் அச்சிட்ட பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் வகை மை தானாகக் காயாது; சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு உள்வரை ஏறினால்தான் இறுகும். மை இறுகிவிட்டதா என்று அறிய, முதல் சட்டையை இரு கையாலும் இழுத்துப் பார்க்கச் சொன்னார் ஸ்கிரீன்காரர். விரிசல் விடவில்லை. அதன்பிறகே மற்றவற்றை அச்சிட்டார்.

எல்லாம் முடிந்தபின் ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஐந்துக்காக மறுபடி ஸ்கிரீன் ஏற்ற முடியாது. அதே கோப்பை வேறு இடத்தில் டிஜிட்டலில் கொடுத்தேன், இம்முறையும் சாம்பிளைத் துவைத்துப் பார்த்துவிட்டு. அச்சு நன்றாகவே நிற்கிறது. ஆனால் பச்சை மட்டும் கொஞ்சம் நீலம் பாய்ந்து வந்தது; பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெரிகிறது.