மின்விசிறிக்குக் கீழே உறைபனி

நேற்று மூன்றாவது அமர்வு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாகிப் பகடை உருட்டி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்காக 2020இல் வந்த 'ரைம் ஆஃப் த ஃப்ராஸ்ட்மெய்டன்' கதையை நண்பர்களுக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். பனித்தேவி ஆரிலின் பிடியில் இரண்டு ஆண்டுகளாகச் சூரியன் முழுதாக எழாத ஐஸ்விண்ட் டேல் என்ற கற்பனை நிலம்தான் கதைக்களம். அவள் கோபம் தணிய அங்குள்ள பத்து ஊர்களில் சில உணவைத் துறக்கின்றன, சில நெருப்பை அணைத்துவிட்டுக் கிடக்கின்றன. பெரிய ஊர்கள் மூன்றும் சீட்டுக் குலுக்கி மனிதரையே பலியிடுகின்றன.

மேசையில் இருந்த நால்வரில் பனிப்பொழிவை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. (நானும்தான்.) கடுங்குளிரில் மணிக்கொரு முறை பகடை, கூட்டுத்தொகை 10க்குக் குறைந்தால் ஒரு படி சோர்வு, ஆறாம் படியில் சாவு என்று விதியை விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் பக்கோடாவை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு, வண்டி இழுக்கும் நாய்களில் ஒன்று காலையில் எழவில்லை என்றேன். யாரும் பேசவில்லை. பயணத்தை நிறுத்திவிட்டு அதைப் புதைக்கக் கிளம்பினார்கள். நிலமோ பாறையாக உறைந்திருக்கிறது. அதற்கே ஒன்றரை மணி நேரம். இரண்டு வாரம் உட்கார்ந்து நான் தயாரித்த கொலைகாரன் ஊர் எல்லையில் இன்னும் காத்திருக்கிறான்.