மாட்டுங்காவிலிருந்து நாண்டி வரை: அம்மாவுக்காக ஒரு பயணத் திட்டம்

மும்பையின் மாட்டுங்காவிலிருந்து வரும் ஜூலையில் அம்மாவைப் பிஜித் தீவுக்கு அழைத்துச் செல்லத் தீர்மானித்திருக்கிறோம். நாண்டி நகரின் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலைத் தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும், 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை அமைத்து, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பள்ளிகளையும் கோயில்களையும் எழுப்பிய வரலாற்றை அறிந்ததிலிருந்து எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

ஜூலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிஜியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலுமான பருவம். மே முதல் அக்டோபர் வரை வெயில் இதமாக இருக்கும். ஆனால் அதே ஜூலையில் மும்பை மழையில் மிதக்கும். எங்கள் பகுதியை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கினால் சஹார் விமான நிலையம் எட்டாத தூரத்துக்குப் போய்விடும் என்பதால், வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்புவதாக இருக்கிறோம்.

மும்பையிலிருந்து நாண்டிக்கு நேரடி விமானம் கிடையாது. சிட்னி, ஆக்லாந்து வழியாகவும் போகலாம் என்றாலும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அங்கே விமானம் மாறுவதற்கே தனி விசா வேண்டும். பிஜிக்கோ முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. ஆகவே, விமான நிலையத்தைவிட்டு வெளியேறாமல் விமானம் மாறினால் விசா தேவைப்படாத சிங்கப்பூர் வழியைத் தேர்ந்தெடுத்தோம். சிங்கப்பூர்வரை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம், அங்கிருந்து நாண்டிக்குச் சுமார் பத்து மணி நேரம். இரண்டு பயணங்களுக்கும் தனித்தனியாகச் சீட்டு எடுத்தால் கட்டணம் குறையக்கூடும்; ஆனால் பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேர்ந்தால் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து வெளியே வர வேண்டும், அதற்குச் சிங்கப்பூர் விசாவும் வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் நமக்காகப் பொறுப்பேற்காது. வயதானவருடன் செல்லும்போது அந்தச் சேமிப்பு தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரே முன்பதிவில் எடுத்து, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பகல் முழுவதும் இடைவெளி விட்டு, குடிநுழைவைக் கடக்காமலேயே மணிக்கணக்கில் கிடைக்கும் அறையில் அம்மாவைப் படுக்கவைப்பதே எங்கள் எண்ணம். சக்கர நாற்காலி உதவியையும் சீட்டு எடுக்கும்போதே பதிவுசெய்துவிட வேண்டும்.

அம்மாவின் உடல்நிலையைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் கால்களின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கண்டறிந்திருக்கிறது. அதனால் அம்மாவுக்கு நடைபாதை ஓரத்து இருக்கை; விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருமுறை சிறு நடை; அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்பது. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையின் குளிரில் அது உறைந்து கெட்டுவிடக்கூடும். பிஜி நேரம் நம் நேரத்தைவிட ஆறரை மணி நேரம் முந்தியது. கிழக்கு நோக்கிச் செல்லும்போது பகல் சுருங்குவதால், ஊசி போடும் நேரத்தை மருத்துவரிடம் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறோம்.

உணவு விஷயத்தில் அம்மாவைச் சமாதானப்படுத்துவதுதான் கடினம். நோயும் பூச்சியும் நாட்டுக்குள் வராமல் தடுக்கும் பிஜியின் உயிர்ப்பாதுகாப்பு விதிகள் கடுமையானவை: விதை, செடி, பழம், பால் பொருள், தேன் எல்லாமே சோதனைக்கு உரியவை. கறிவேப்பிலையும் வீட்டு நெய்யும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பொடி வகைகளை முத்திரையிட்ட பொட்டலங்களாக வாங்கி, வருகைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுவோம். அதிகாரிகள் எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடலாம்.

நாண்டியில் காலையில் இறங்குவோம் என்றாலும் அன்றே கோயிலுக்குப் போவதில்லை. கிழக்கு நோக்கிய பயணத்தில் உடலின் கடிகாரம் சீராவதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதால், முதல் நாள் வெளிச்சத்தில் மெதுவாக நடப்பதும் மாலைவரை தூங்காமலிருப்பதும் மட்டுமே. படகேறிப் பக்கத்துத் தீவுகளுக்குச் செல்வதை, அம்மாவின் தெம்பைப் பார்த்த பிறகு அங்கேயே முடிவு செய்வோம்.