மூன்றாவது வழி கிடையாது

அக்டோபர் 21, இரவு
தூக்கம் இல்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்தபடி மறுபடியும் சாம்னியர் கதை, ரோமோடு மோதிய தென் இத்தாலி மலைமக்கள். கி.மு. 321. காடியம் கணவாயில் ரோமப் படை மொத்தமும் மாட்டிக்கொள்கிறது. முன்னால் மரமும் பாறையும் போட்டு அடைத்தாயிற்று. திரும்பினால் வந்த வழியும் அடைப்பு. சண்டையே இல்லாமல் பிடித்துவிட்டார்கள். அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை! சாம்னியர் தலைவன் கயஸ் பொன்டியஸ் தன் வயதான அப்பா ஹெரென்னியஸிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறான். "ஒருவர் மேலும் கை வைக்காமல் விட்டுவிடு." திரும்பக் கேட்டால், "ஒருவன் மிஞ்சாமல் கொன்றுவிடு."

அக்டோபர் 22
தம்பி போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 24
கிழவருக்குப் புத்தி தளர்ந்துவிட்டது என்றுதான் மகனும் நினைத்தான். இருந்தும் வண்டியில் ஏற்றி வரவழைத்தான். அந்த மலைப்பாதையில் என்ன குலுங்கு குலுங்கியிருப்பார். வந்து தெளிவாகத்தான் சொன்னார்: விட்டால் ரோம் நிரந்தர நண்பன், கொன்றால் பல தலைமுறைக்கு எழாது, மூன்றாவது வழி கிடையாது.

அப்பா ஞாயிற்றுக்கிழமை, "வீட்டைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்துடு" என்றார். நேற்று, "ஒரு செங்கல் கிடையாது." வயசாயிடுச்சில்ல என்று நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அக்டோபர் 25
சோடியம் குறைவாம். கஞ்சி இரண்டு ஸ்பூன்.

அக்டோபர் 27
மகன் கேட்கவில்லை. இரண்டு ஈட்டியை நட்டு, குறுக்கே ஒன்றைக் கட்டி, ரோமானியரை ஒற்றைத் துணியோடு அதன் கீழே குனிந்து போகவிட்டான். முதலில் கன்சல்கள், ரோமை ஆண்ட இரண்டு தலைவர்கள். 600 குதிரை வீரர்கள் பிணை. உயிரோடு விட்டு மானத்தைப் பிடுங்கினால் எவன் மறப்பான்?

இதையெல்லாம் சொல்லும் லிவி ரோமானியப் பக்கத்து ஆள், ஏறக்குறைய 300 வருஷம் கழித்து எழுதியவர். அப்பாவும் மகனும் பேசியதை யார் கூட இருந்து கேட்டார்கள்? சாம்னியர் எழுதிய சரித்திரம் எதுவும் மிஞ்சவில்லை. சரி, இருந்தாலும் வண்டி மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பாதிப் பங்கு என்று தம்பிக்கு அனுப்பிய மெசேஜை ஐந்து தடவை படித்தேன். "அப்பா முகத்துக்காகத் தருகிறேன்." அந்த வரியை ஏன் சேர்த்தேன்?

அக்டோபர் 30
சாம்னியரும் மற்ற இத்தாலியரும் ரோமை எதிர்த்து அடித்த வெள்ளிக்காசு, கி.மு. 90 வாக்கில். இத்தாலியின் காளை ரோமின் ஓநாயைக் குத்துகிறது. காடியம் முடிந்து 200 வருஷம் தாண்டியும் ஆறவில்லை.

நவம்பர் 1
கி.மு. 82, இதே தேதி. ரோமின் கொலைன் வாசலில் சாம்னியர் தோற்றார்கள். பிடிபட்ட ஆயிரக்கணக்கானவர்களை ரோமானியத் தளபதி சுல்லா வெட்டச் சொன்னான். அலறல் கேட்கும் தூரத்தில் செனட்டில் பேசிக்கொண்டும் இருந்தான். கிழவரின் இரண்டாவது பதிலை ரோமானியன் கேட்டிருக்கிறான்.

நவம்பர் 2
தம்பி வருகிறானாம், ராத்திரி பஸ்ஸில். சொன்னேன். "வண்டி வந்தாச்சா?" என்கிறார் அப்பா. ஆறு மணிக்கு ஸ்கேன்.