பிள்ளைகளோடு பினாங்கு, தண்ணீர் போன வழியே

போன பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போய் வந்தோம். நான், கணவர், பத்து வயது மகன், ஆறு வயது மகள், அப்புறம் என் அம்மா, ஆக ஐந்து பேர். இரண்டு இரவு, மூன்று நாள். எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிக்க வேண்டும் என்று கிளம்பும்போதே பேசி வைத்திருந்தோம். கோலாலம்பூரில் எங்களைப் போலச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிற குடும்பங்கள் நிறைய உண்டு, அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பினாங்கு என்றால் எல்லோரும் மலை ரயில், பத்து பெரிங்கி கடற்கரை, நாசி கண்டார் சோறு என்று ஆரம்பிப்பார்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கால்வாய் இருக்கிறது, அதைத் தோண்டியெடுத்து மீன் நீந்துகிற அளவுக்குச் சுத்தப்படுத்தியிருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் ஒரு அக்கா சொன்னதிலிருந்து என் மகனுக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. செந்தூலில் எங்கள் வீட்டுப் பக்கம் ஓடுகிற தண்ணீரை அவன் வேலிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறான். சரி, இந்த முறை தண்ணீர் இருக்கிற இடமாகவே பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அப்படிச் செய்ததில் செலவு எவ்வளவு குறைந்தது என்பது ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பேருந்துச் சீட்டு எடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பினாங்கு பேருந்துகளில் சில பாலத்தைக் கடந்து தீவுக்குள் சுங்கை நிபோங் வரை போகும், சில கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலேயே நின்றுவிடும். தீவுக்குள் போவதுதானே வசதி என்று தோன்றும், ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்குங்கள். நிலையத்திலிருந்து கூரை போட்ட நடைபாதை வழியாக நேரே ஃபெர்ரிக்குப் போய்விடலாம். பெரியவருக்கு 2 வெள்ளி. சில்லறையாகக் கொடுக்க முடியாது, அட்டை போன்ற ரொக்கமில்லா முறையில்தான் கட்ட வேண்டும். பழைய காலத்திலிருந்தே பட்டர்வொர்த் பக்கம் ஏறும்போதுதான் காசு வாங்குவார்கள், திரும்பி வரும்போது எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழ்த்தட்டில் கார்கள், மேலே ஆட்கள் என்று மஞ்சளும் நீலமுமாக வண்ணம் பூசிய பெரிய ஃபெர்ரிகள் ஓடும். 2020 கடைசியோடு அவற்றை நிறுத்திவிட்டார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுகிற புதிய படகுகள் சின்னவை, வேகமானவை, குளிர்சாதனம் வைத்தவை. எனக்குப் பழையதுதான் பிடிக்கும், அந்தக் காற்றும் எண்ணெய் வாசனையும் இதில் இல்லை. ஆனால் முதல் தடவை கடலைக் கடக்கிற பிள்ளைக்கு இந்த ஒப்பீடெல்லாம் கிடையாது. மகள் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவள், கரை தட்டுகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினைந்து நிமிடம்கூட ஆகாத பயணம், அவ்வளவு நேரம் அவள் அமைதியாக இருப்பது எங்கள் வீட்டில் அபூர்வம்.

அம்மா வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஒங்க கொள்ளுத்தாத்தா ரஜூலா கப்பல்ல வந்து மொதல்ல பாத்த கரை இதுதான்டா தம்பி" என்றார். ரஜூலா 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஆட்களை ஏற்றி இறக்கியது. நாகையில் ஏறியவர்களுக்கு மலாயா என்றால் முதலில் கண்ணில் பட்டது பினாங்குதான். தாத்தா இங்கே இறங்கி, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனார், அம்மா பிறந்தது அங்கேதான். இது எனக்குத் தெரிந்த கதை. ஆனால் அந்தத் தண்ணீரின் மேல் உட்கார்ந்து அம்மா சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

தீவுப் பக்கம் இறங்கியதும் ஃபெர்ரி நிலையத்துக்குப் பக்கத்திலேயே பேருந்து நிலையம். அங்கிருந்து கேட் (CAT) என்று பெயர் போட்ட இலவசப் பேருந்து பழைய நகரத்தைச் சுற்றிக் கொம்தார் என்கிற உயரமான கட்டடம் வரை போய் வருகிறது. மூன்று நாளில் அதில் எத்தனை தடவை ஏறினோம் என்று கணக்கில்லை. கூட்டம் அதிகம், சில நேரம் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆனால் வாடகைக் காருக்கு என்று ஒதுக்கியிருந்த 60 வெள்ளி அப்படியே கையில் நின்றது.

தங்குமிடம் பற்றிச் சொல்ல வேண்டும். கொம்தாருக்குப் பின்னால் ஒரு சின்ன விடுதியில் ஐவருக்கும் ஒரே அறை, ஓர் இரவு 130 வெள்ளி. படத்தில் அறை நன்றாக இருந்தது, நேரிலும் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது மாடி, மின்தூக்கி இல்லை, அதைப் பதிவு செய்த இடத்தில் எங்கேயும் போடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய கடைவீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிற ஊர் இது, முக்கால்வாசி இடங்களில் படிதான். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டு எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அன்று சாயங்காலமே கால்வாய்க்குப் போனோம். சியா போய் என்று பெயர். ஹொக்கியன் மொழியில் ஊர்க்கோடி என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஜார்ஜ் டவுன் இந்த இடத்தோடு முடிந்துவிடும். பிராங்கின் கால்வாய்தான் நகரத்தின் தெற்கு எல்லை. கடலிலிருந்து சரக்குப் படகுகள் இந்தக் கால்வாய் வழியாக உள்ளே வந்து இறக்கும், கரையில் சந்தை நடக்கும். நகரம் எல்லையைத் தாண்டி வளர்ந்ததும் கால்வாய் சாக்கடையாகி, ஒரு பகுதி மூடியும் போனது. 2015இல் கட்டுமான வேலைக்காகத் தோண்டியபோது பழைய கல் கரை வெளியே வந்தது. அதைக் காப்பாற்றி, தண்ணீரைச் சுத்தம் செய்து, 2019இல் பூங்காவாகத் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

அளவில் பெரிய இடமில்லை. அகலமாக ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் கல் கட்டிய கரை, நடக்கப் பாதை, ஒரு பக்கம் பழைய சந்தையின் கூரை, அண்ணாந்து பார்த்தால் கொம்தார். வேகமாக நடந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாங்கள் அங்கே ஒன்றரை மணி நேரம் இருந்தோம். மகன் கரையோரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு மீன் பார்த்தான். கறுப்பு மீன்கள் கூட்டமாக ஒரே திசையில் நிற்கும், நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு வால் மட்டும் ஆடும். கையின் நிழல் பட்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வந்து சேரும். நடுவில் ஒரே ஒரு ஆரஞ்சு நிற மீன். மகள் அதற்கு முத்து என்று பெயர் வைத்தாள். "அம்மா, முத்து எங்கேயும் போகல, இங்கேயேதான் நிக்குது" என்று ஒவ்வொரு நிமிடமும் எனக்குத் தகவல் சொன்னாள். கரைக் கல்லில் பாசி பிடித்த கோடு ஒன்று தெரிந்தது, அதற்கு மேலே கல் வெளுத்திருந்தது. தண்ணீர் அதுவரைக்கும் ஏறும்போல என்று மகன் தானாகவே கண்டுபிடித்தான். இரண்டாம் நாள் காலையில் எழுந்ததும் பிள்ளைகள் கேட்டது முத்துவைத்தான். அன்றைக்கும் அது இருந்தது.

கால்வாய் கடலில் சேர்கிற பக்கமாக நடந்தால் கடலோரச் சாலை வந்துவிடும், அதை ஒட்டித்தான் சீனர்களின் குலத் துறைகள். கடலுக்குள் கால் நட்டு, மேலே பலகை போட்டு, அதன் மேல் வீடுகள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு குடும்பப் பெயர்: லிம், சியூ, டான், லீ, இயோ. சியூ துறையில்தான் கூட்டம் அதிகம், வாசலிலேயே கடைகள் வந்துவிட்டன. நாங்கள் அதைச் சீக்கிரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கூட்டமில்லாத ஒரு துறைக்குப் போனோம். நீரிறக்க நேரம், பலகைக்குக் கீழே வெறும் சேறு. இரண்டு பலகைக்கு நடுவில் விரல் அகல இடைவெளி. அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் கீழே ஒரு தனி உலகம்: சேற்றில் தத்தித் தத்திக் குதிக்கிற விரல் நீள மீன்கள், ஒரு கை பெரிதாக இருக்கிற நண்டு, தூண்களைச் சுற்றி ஒட்டியிருக்கிற சிப்பிகள். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பாட்டி மலாயில், இன்னும் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வந்துவிடும், அப்புறம் எதுவும் தெரியாது என்றார். அம்மா அவரோடு மலாயிலேயே பேச ஆரம்பித்து, முழங்கால் வலிக்கு என்ன தைலம் என்பது வரைக்கும் போய்விட்டார்.

அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னாடியே சொல்லிக் கூட்டிப் போங்கள். பலகையில் ஓடினால் வீட்டுக்குள் அதிரும். திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்துப் படம் பிடிக்கிற பெரியவர்களையும் பார்த்தேன், கஷ்டமாக இருந்தது.

சாப்பாட்டில்தான் ஒரு அடி விழுந்தது. இரண்டாம் நாள் மதியம் ஒரு சோற்றுக் கடையில் விலை கேட்காமல் பெரிய இறாலும் மீன் முட்டையும் எடுத்துவிட்டோம். 92 வெள்ளி. ஒரு வேளைக்கு எங்கள் கணக்கு 35. கணவர் எதுவும் சொல்லாமல் கட்டிவிட்டு வந்தார், எனக்குத்தான் மாலை வரைக்கும் ஆறவில்லை. நாசி கண்டார் கடைகளில் கோழியும் காய்கறியும் எடுத்தால் பயமில்லை. இறால், கணவாய், மீன் முட்டை என்றால் தட்டில் வைப்பதற்கு முன் விலையைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். மற்ற வேளைகளுக்கு லிட்டில் இந்தியாவில் தோசை, இடியாப்பம், தே தாரிக் என்று ஐந்து பேரும் 30 வெள்ளிக்குள் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

லிட்டில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் பாட்டுச் சத்தத்திலும் துணிக்கடையிலும் நின்றுவிடாமல் கொஞ்சம் சுற்றியுள்ள தெருக்களிலும் நடந்து பாருங்கள். குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா. நடக்கிற தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பக்கத்துக் கிங் தெருவைத் தமிழர்கள் படகுக்காரத் தெரு என்றுதான் சொல்வார்களாம். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட, ஆட்களையும் மூட்டைகளையும் கரைக்குக் கொண்டுவந்தது படகுக்காரர்கள். அந்தப் பெயர் இன்றைக்கு எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை. இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பினாங்கில் தமிழனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிற பிள்ளைக்கு அந்த ஒரு தெருப் பெயரைக் காட்டினால் போதும். மகன் தெரு முனையில் நின்று, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டான். கையைக் காட்டினேன். "அப்படின்னா கொள்ளுத்தாத்தாவும் இந்தப் பக்கமா நடந்திருப்பாரா?" என்றான். அம்மா, "நடந்திருக்கலாம்யா" என்றார்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. காலை பத்தரைக்கு மேல் பிள்ளைகளை நடக்க வைக்காதீர்கள். மதியம் அறையில் தூக்கம், ஐந்து மணிக்கு மேல் திரும்பவும் வெளியே. மாலையில் பாடாங் கோத்தா கடற்கரைத் திடலுக்குப் போய்விட்டால் காற்றும் இலவசம், ஓடுவதற்கு இடமும் இலவசம். பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அதைச் சுற்றியும் ஒரு அகழி இருந்தது, மலேரியா பரவியதால் 1920களில் மண் போட்டு மூடினார்கள். மலை ரயிலுக்கு இந்த முறை போகவில்லை. பிள்ளைகள் கேட்கவும் இல்லை.

ஊருக்குக் கிளம்பும்போது கையில் 41 வெள்ளி மீதி இருந்தது. லிட்டில் இந்தியாவில் முறுக்கும் ஓமப்பொடியும் வாங்கிக்கொண்டோம். அம்மா தன் தோழிகளுக்கு என்று ஜாதிக்காய் ஊறுகாய் இரண்டு போத்தல் எடுத்தார்.

இரவு எட்டு மணிக்குக் கோலாலம்பூர் தென் முனையத்தில் இறங்கி, செந்தூலுக்கு இலகு ரயில் பிடித்தோம். மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் ரயில் நின்றபோது மகன் எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீழே எட்டிப் பார்த்தான். கிள்ளான் ஆறு. விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் மண்ணிறமாக ஓடியது.

"அம்மா, இதுல மீன் இருக்குமா?"

கதவு மூடிவிட்டது. சனிக்கிழமை பகலில் வந்து பார்ப்போம் என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டான்.