கொலோனில் ஒரு மார்கழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் என்றால் கொளுத்தும் வெயிலும் மாம்பழமும்தான்; அந்தக் கோடையிலிருந்து புறப்பட்டு, மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடும் ஜெர்மனியின் கொலோன் நகரில் நானும் அக்காவும் போய் இறங்கினோம்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே, 157 மீட்டர் உயரத்துக்குக் கரிய மலைபோல் எழுந்து நின்ற பேராலயம் எங்களைப் பேச்சற்று நிற்க வைத்தது. 1248-இல் தொடங்கிய அந்தத் திருப்பணி, இடையில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நின்றுபோய், 1880-இல்தான் நிறைவெய்தியது என்பதை எண்ணியபோது, டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டக் கூலியில் மிச்சம்பிடித்துக் கோயில் எழுப்பிய எங்கள் முன்னோர்களே கண்முன் வந்தார்கள்.

தெற்குக் கோபுரத்தின் 533 படிகளையும் ஏறினோம். சுழன்றேறும் குறுகிய படிக்கட்டில் சில்லிட்ட கற்சுவரைத் தடவியபடியே அக்கா முருகா, முருகா என்று மூச்சிரைத்தாள். மேலே, பனிமூட்டத்துக்குள் ரைன் நதி ஈயத் தகடாய்க் கிடந்தது. அதன் கரை மரங்கள் தளிர்க்கும் ஏப்ரலில் மீண்டும் வர வேண்டுமென்று அங்கேயே முடிவு செய்தோம்.